எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வயது என்ன? கொங்கு நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்க உட்கார்ந்த நாளிலிருந்து சந்தையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்விகள்தான் என் காதில் விழுகின்றன. கேட்பவர்கள் பழைய மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நிலம் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகள். பக்கத்து ஊர்களில் இதே வேலையில் இறங்கியிருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. எளிய சந்தேகங்கள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பத்தாம் வகுப்போடு நிற்பது உயர்நிலைப் பள்ளி. பன்னிரண்டு வரை இருப்பது மேல்நிலைப் பள்ளி. தமிழ்நாட்டில் 1978-ல்தான் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்குள் வந்தன. ஆகவே அதற்கு முந்தைய கல்வெட்டு எதிலும் 'மேல்நிலைப் பள்ளி' என்ற சொல்லைப் பார்க்க முடியாது. அப்படி ஒரு கல்வெட்டில் 1960 என்று ஆண்டும் மேல்நிலைப் பள்ளி என்று பெயரும் சேர்ந்து இருந்தால், அது பின்னாளில் வெட்டி வைத்த கல் என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் அப்பாரு (தாத்தா) ஆறாவது ஃபாரம் படித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாரா?

இல்லை, அவர் பள்ளிப் படிப்பை முழுவதும் முடித்தவர். அந்நாளில் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் ஃபாரம் தொடங்கும். முதல் ஃபாரம் என்பது இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாவது ஃபாரம் பதினோராம் வகுப்பு. அதன் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. அதில் தேறியவர்கள் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புப் படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போனார்கள். 1978-ல் இந்த முறை மாறியது. புதிய முறையில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது.

தொடக்கப்பள்ளி வழியாகவே எட்டாவது வரை போய், அதன் முடிவில் நடந்த இ.எஸ்.எல்.சி. தேர்வை எழுதி நின்றவர்களும் உண்டு. எட்டாவது தேறியதே அன்றைக்குப் பெரிய படிப்பு. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் ஏராளம். வீட்டுப் பெட்டியில் அட்டை போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிறந்த தேதி, அங்க அடையாளம், படித்த பள்ளி, தலைமையாசிரியரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பள்ளியின் பழைய தலைமையாசிரியர்களின் வரிசையைப் பாதிக்கு மேல் இந்தப் புத்தகங்களிலிருந்துதான் மீட்டேன்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம் பக்கம் பள்ளிக்கூடமே கிடையாதா?

இருந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் (உதகமண்டலத்தை உருவாக்கியவர் இவர்தான்) அனுப்பிய கணக்கில் 763 பள்ளிகள், 8,206 பிள்ளைகள். திண்ணையிலோ மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ நடந்த பள்ளிகள் இவை. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடி, ஆத்திசூடி, கணக்கு. வாத்தியாருக்குக் கூலி பெரும்பாலும் தானியம்.

பெருமைப்படுவதற்கு முன் அதே கணக்கின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். 8,206 பேரில் பெண்கள் 82. நூற்றுக்கு ஒருவர். சூத்திரர் என்று குறிக்கப்பட்ட சாதிகளின் பையன்கள் 6,379 பேர். அதற்கும் கீழே 'மற்றச் சாதிகள்' என்ற பத்தியில் இருப்பவர்கள் 226 பேர் மட்டும். திண்ணை ஊருக்குப் பொதுவாக இருக்கவில்லை.

அப்படியானால் எங்கள் பள்ளிக்கு இருநூறு வயது என்று போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கும் இன்றைய பள்ளிக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி இருப்பதாகக் காட்டும் ஆவணம் எந்த ஊரிலும் என் கண்ணில் படவில்லை. 'எங்கள் ஊரில் முன்பு திண்ணைப் பள்ளி இருந்தது' என்று எழுதுங்கள், அது உண்மை. பள்ளியின் வயதோடு அதைச் சேர்க்காதீர்கள்.

பெரும்பாலான ஊர்ப் பள்ளிகளுக்குக் குறைந்தது மூன்று பிறந்தநாள் உண்டு: தொடக்கப்பள்ளி தொடங்கிய நாள், உயர்நிலையாகத் தரம் உயர்ந்த நாள், மேல்நிலையான நாள். நூற்றாண்டு விழாவுக்கு முதலாவதையும் பொன்விழாவுக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொள்வார்கள். எதை எடுத்தாலும் சரி, எது எந்த நாள் என்று மூன்றையும் மலரில் அச்சிட்டுவிட்டால் சண்டை வராது. ஆதாரமாக நான் முதலில் நம்புவது சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தை. வரிசை எண் ஒன்றில் எந்தப் பிள்ளையின் பெயர், எந்தத் தேதியில் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே பள்ளி உயிர் பெற்ற நாள். அந்தப் பக்கம் கறையான் தின்னாமல் கிடைத்த அன்று அலுவலக அறையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொங்கு நாட்டில் முதலில் வந்த உயர்நிலைப் பள்ளி எது?

'முதல்' என்ற பட்டத்துக்குப் பல பள்ளிகள் உரிமை கொண்டாடுகின்றன. அந்த வழக்கில் நான் நுழைய விரும்பவில்லை. நடந்த வரிசையைச் சொல்கிறேன். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்து பள்ளிகள் நடத்தியது. இன்று அரசு கலைக் கல்லூரியாக இருப்பது 1852-ல் பள்ளியாகத் தொடங்கியது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-ல் தன் பெயரில் இன்றும் நடக்கும் பள்ளியைத் தொடங்கினார். விக்டோரியா ராணி பட்டமேறிய அறுபதாம் ஆண்டின் நினைவாகக் கோபிசெட்டிபாளையத்தில் வைர விழாப் பள்ளி 1898-ல் வந்தது. அடுத்த தலைமுறையில் உள்ளூர்ச் செல்வம் பள்ளியாக மாறுகிறது: பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1924-ல் தொடங்கிய சர்வஜனப் பள்ளி, பெரியநாயக்கன்பாளையத்தில் தி.சு.அவிநாசிலிங்கம் வளர்த்த ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். இந்த வித்யாலயத்துக்கு 1934-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள்.

இவை எல்லாம் நகரத்திலோ நகரத்தை ஒட்டியோ இருந்தவை என்பதைக் கவனியுங்கள். மேட்டாங்காட்டில் ஆடு மேய்த்த பையனுக்கு இவற்றில் ஒன்றில் சேர வேண்டுமானால் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும், அல்லது விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். கிராமத்துக்கு உயர்நிலைப் பள்ளி வந்த கதை வேறு. அது கீழே வருகிறது.

பழைய ஆட்கள் 'போர்டு ஸ்கூல்' என்கிறார்களே, அது என்ன போர்டு?

ஜில்லா போர்டு. கிராமப்புற ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள இருந்த உள்ளாட்சி அமைப்பு. கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளில் கணிசமானவை அதன் பள்ளிகளாகவே பிறந்தன. போர்டுகள் கலைக்கப்பட்ட பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த உயர்நிலைப் பள்ளிகளை 1970-ல் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் கையில் இருந்தன. அவற்றின் ஆசிரியர்கள் 1981-ல் அரசு ஊழியர் ஆனார்கள்.

எங்கள் பள்ளியின் பழைய காகிதங்களைத் தேடினேன், ஒன்றுமே அகப்படவில்லை. எங்கே போய்விட்டன?

பெரும்பாலும் தவறான மாவட்டத்தில் தேடியிருப்பீர்கள். தாராபுரம் இன்று திருப்பூர் மாவட்டம். 2009 வரை ஈரோடு மாவட்டம், 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, பிறகு திருச்சிக்குப் போனது, 1995-ல் தனி மாவட்டமானது. நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. கொள்ளேகாலம் 1956-ல் மைசூர் மாநிலத்தோடு போய்விட்டது. உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த ஜில்லாவில் இருந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போதும் அந்தக் காலத்து ஜில்லாப் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

இது காமராஜர் கட்டிய பள்ளி என்று ஊரே சொல்கிறது. நீங்கள் ஏன் 'ஊரார் கட்டியது' என்று எழுதுகிறீர்கள்?

இரண்டும் உண்மை என்பதால். 1954-ல் காமராஜர் முதல்வரானார். அதற்கு முந்தைய ஆண்டு ராஜாஜி ஆட்சியில் வந்த திட்டம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் வைத்தது. 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக 1954-ல் சட்டமன்றத்தில் அறிவித்த கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம், பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். அதன் பிறகு பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி போடுவதில் அரசு வேகம் காட்டியது. கொள்கையும் ஆசிரியர் சம்பளமும் அரசிடமிருந்து வந்தன.

கட்டடமும் பெஞ்சும் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்தன. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி மாநிலம் முழுவதும் நடந்தன. ஊரார் மேடையேறி இன்னது தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பார்கள்: ஒருவர் கடிகாரம், ஒருவர் பத்து பெஞ்சு, ஒருவர் ஓர் அறைக்கு ஓடு, ஒருவர் நிலம். கொங்குப் பகுதிக்கு இது சரியான நேரத்தில் வந்தது. பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கரில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வந்தன. கையில் காசு புழங்கிய குடியானவருக்குத் தன் பிள்ளை பத்து மைல் நடக்காமல் படிக்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது. எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் கேட்டால், மாட்டு வண்டி கட்டி ஆற்று மணல் அடித்ததையும் சுண்ணாம்பு அரைத்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள்.

ஒரு திருத்தம். காமராஜர் கால மதிய உணவு 1956-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. 'உயர்நிலைப் பள்ளியில் காமராஜர் சோறு சாப்பிட்டேன்' என்று யாராவது சொன்னால், அவர் தொடக்கப்பள்ளி நினைவைச் சேர்த்துச் சொல்கிறார் என்று பொருள். எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984-ல்தான் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை நீண்டது.

நிலம் கொடுத்தது எங்கள் தாத்தா. கல்வெட்டில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அதிகம் மனக்கசப்பு வரும் கேள்வி இதுதான். கல்வெட்டைப் பெரும்பாலும் திறப்பு விழாவுக்காகத்தான் வைத்தார்கள். திறந்துவைத்த அமைச்சர், தலைமை தாங்கிய அதிகாரி, அதிகப் பணம் கொடுத்த ஒருவர் என்று அதில் இடம் முடிந்துவிடும். நிலம் கொடுத்ததைத் தானப் பத்திரம் காட்டும். சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் இருந்தால் மலரில் பெயரோடும் ஏக்கர் சென்ட் கணக்கோடும் போட்டுவிடுகிறேன் என்று எங்கள் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பத்திரமே எழுதாமல் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொல்லிக் கொடுத்த நிலமும் உண்டு. அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லே போதுமாக இருந்தது. அப்படியானால் அந்த இடத்தின் பக்கத்துக் காட்டுக்காரர்களில் குறைந்தது இரண்டு பேர், உறவுக்காரர் அல்லாதவர்கள், அதே செய்தியைச் சொன்னால் 'ஊரார் கூற்றுப்படி' என்று எழுதுவேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். நிலம் கொடுத்தவர் பெயரைத் தேடும் அதே அக்கறையோடு, அஸ்திவாரம் தோண்டியவர்கள், கல் சுமந்த பெண்கள் பெயரையும் தேடுகிறேன். அவர்களுக்குப் பத்திரமும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

எங்கள் வளவிலிருந்து (ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிலிருந்து) ரொம்ப நாள் யாரும் அங்கே படிக்கவில்லை. அதையும் எழுதுவீர்களா?

எழுதுவேன். எழுதாவிட்டால் அது பள்ளி வரலாறு ஆகாது. மன்றோ கணக்கில் பார்த்த 226 என்ற எண், பள்ளிகள் பெருகிய பின்னும் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. தொழிலாளர் துறை நடத்திய தனிப் பள்ளிகளை இன்றும் 'லேபர் ஸ்கூல்' என்று முதியவர்கள் சொல்வார்கள். அவையே பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. தொடக்கக் கல்வியை அங்கே முடித்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்குள் எத்தனையோ தடைகள் இருந்தன. தனிப் பானையில் தண்ணீர், கடைசி பெஞ்சு, பண்ணையத்துக்குப் பிடித்து வைத்த கூலி முன்பணம். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்காத பெரியவரை நான் பார்க்கவில்லை.

பதிவேட்டில் தேடும்போது எந்த ஆண்டில் முதன்முதலாக வளவுப் பிள்ளை ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார் என்று பாருங்கள். பள்ளி தொடங்கிய ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மலரில் ஒரு வரியாகப் போடுங்கள். பெயர் போட வேண்டுமானால் அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பெண் பிள்ளைகள் எப்போது நிறைய வர ஆரம்பித்தார்கள்?

எங்கள் பதிவேட்டில் பல ஆண்டுகள் ஒரே உருவம்தான். ஆறாம் வகுப்பில் பெண்கள் இருப்பார்கள், எட்டில் குறைவார்கள், பத்தில் விரல்விட்டு எண்ணலாம். பெரியவளானதும் நிறுத்திவிடுவார்கள். நீக்கக் காரணம் என்ற பத்தியில் 'பெற்றோர் விருப்பம்' என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த இரண்டு சொற்களைத் தொடர்ந்து நாற்பது ஐம்பது முறை படித்தால் மனம் கனத்துப்போகிறது.

மாற்றம் ஒரே காரணத்தால் வரவில்லை. பஸ் வசதி, பெண் ஆசிரியர்கள், தனிக் கழிப்பறை, இலவச பஸ் பாஸ், பிறகு பிளஸ் ஒன் மாணவிகளுக்கு மிதிவண்டி. சைக்கிள் வந்த பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) பெண்கள் கூட்டமாக வருவதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் பையன்கள் குறைவாக இருந்த காலம் ஒன்று உண்டே, படிப்பு வராததாலா?

வேலை கிடைத்ததால். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி 1980-களில் பெருகியபோது, அடுக்கிக் கட்டவும் பிசிறு வெட்டவும் பையன்கள் தேவைப்பட்டார்கள். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி. சனிக்கிழமை கையில் கூலி வாங்கிய பையனைத் திங்கட்கிழமை வகுப்பில் உட்காரவைப்பது எளிதல்ல. பதிவேட்டில் 'நீண்ட நாள் வராமை' என்று சிவப்பு மையில் அடித்திருக்கும் பெயர்களில் பலர் அங்கே போனவர்கள். அவர்களில் சிலர் இன்று சொந்தமாகத் தறி ஓட்டுகிறார்கள், பள்ளிக்கு முதலில் நன்கொடை தருபவர்களும் அவர்களே. 'பத்தாவது முடிக்கவில்லை என்பதால் பழைய மாணவர் சங்கத்தில் சேரலாமா' என்று அவர்கள் தயங்கிக் கேட்கிறார்கள். ஒரு நாள் படித்திருந்தாலும் பழைய மாணவர்தான். எங்கள் சங்கத்தில் அதைத் தீர்மானமாகவே எழுதிவிட்டோம்.

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வந்துதான் எங்கள் பள்ளி காலியானதா?

பெரிய காரணம் அது, ஒரே காரணம் அல்ல. பல்கலைக்கழகங்களின் கையில் இருந்த மெட்ரிகுலேஷன் 1970-களின் கடைசியில் தனி வாரியத்துக்கு மாறியபின் அந்தப் பள்ளிகள் பெருகின. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர் போயின. பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது குடும்பக் கௌரவம் ஆயிற்று. ஐந்தாண்டு உழைத்து வளர்த்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் இழந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களின் வருத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. நம் பகுதியில் ஒன்று, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் மாநிலத்தின் பல பகுதிகளைவிட முன்னதாகவே வந்துவிட்டது. ஊரில் பிள்ளையே குறைந்தால் எந்தப் பள்ளியும் நிரம்பாது. 2012 வாக்கில் தொடங்கிய ஆங்கில வழிப் பிரிவும், அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஓரளவு பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தன. திருப்பூர்ப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து தமிழில் கட்டுரை எழுதுகிறார்கள். அவர்கள் பெயரும் இனி வரும் பள்ளி வரலாற்றில் இருக்க வேண்டும்.

பதிவேட்டைக் காட்டச் சொன்னால் பள்ளியில் மறுக்கிறார்கள். அவர்கள் செய்வது சரியா?

பாதி சரி. அதில் சாதி, பிறந்த தேதி, பெற்றோர் விவரம் இருக்கிறது. யாரோ வந்து படம் எடுத்துக்கொண்டு போக அனுமதிக்கக் கூடாது. தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அவர் முன்னிலையில் உட்கார்ந்து ஆண்டுவாரியாக எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது, பதினொரு சனிக்கிழமைகள் ஆயிற்று.

பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். தடுக்க முடியாதா?

கட்டடம் உறுதியாக இல்லை என்று பொறியாளர் சொன்னால் தடுக்காதீர்கள். 2004-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினார்கள். எங்கள் பள்ளியிலும் ஊரார் 1960-களில் வேய்ந்த கொட்டகை அப்போதுதான் போனது. அதைப் பற்றி யாரும் வருந்தவில்லை.

இடிப்பதற்கு முந்தைய வாரம் செய்ய வேண்டியவை வேறு. ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். உத்தரத்தில் ஆண்டு பொறித்திருக்கிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். பெஞ்சுகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கொடுத்தவர் பெயர் அங்கே பெயின்ட்டில் எழுதியிருக்கும். சுவரில் பதித்த கல்லை உடையாமல் பெயர்த்தெடுத்துப் புதிய கட்டடத்தில் பதிக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த இரண்டு ஊர்களில் அந்தக் கல் வாய்க்கால் ஓரத்தில் துணி துவைக்கக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.